தலைகீழாய் ஒரு சுருள்

காட்மாண்டுவில், பௌத்தநாத் பெருந்தூபிக்குப் பின்புறச் சந்தில் ஒரு மடாலயம் இருந்தது. அதன் முற்றத்தில் ஆளுயரத்துக்கு ஒரு புதுத் தூபி. இறந்துபோன தன் ஒரே மகனின் நற்கதிக்காக, பின்னாளில் துறவு பூண்ட பிக்குணி யாங்சோம் எழுப்பிய தூபி அது.

தூபியின் வயிற்றுக்குள் மந்திரம் எழுதிய காகிதச் சுருள்களை நெருக்கி அடுக்குவது அங்கே வழக்கம். சுருளின் தலைப்பக்கத்தில் சிவப்பு மை வைத்திருப்பார்கள். சிவப்பு மேலே இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் பெரும்பிழை.

அத்தனை சுருளையும் யாங்சோமே தன் கையால் அடுக்கினாள். கொத்தனார் ரத்னமான் தூபியின் வாயை அடைத்துச் சுண்ணாம்பும் பூசிவிட்டார். அப்புறம்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அடி வரிசை அடுக்கும்போது மகன் ஞாபகம் வந்து கண்ணை மறைத்ததே! அப்போது வைத்த சுருளில் சிவப்பைப் பார்த்தோமா?

"உடையுங்கள், அண்ணா."

"மூன்று வார வேலை, அம்மா. பேசாமல் ஒரு கதவு வைத்துத் தந்துவிடட்டுமா? தினமும் திறந்து பார்த்துக்கொள்ளலாம்."

"கேலி பண்ணாதீர்கள். சுருள் புரண்டிருந்தால் என் பிள்ளை போகிற வழியும் புரண்டுவிடும்."

ரத்னமான் பூச்சுக் கரணையைக் கீழே போட்டுவிட்டு லாமாவை அழைத்து வந்தார். லாமா ஜாம்யாங் அவளுடைய குரு. ஆனால் அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"குருவே, ஒரு சுருள் தலைகீழாகப் போயிருக்குமோ?"

"போயிருக்கலாம்."

இல்லை என்பார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லாமாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கள் மகன் எப்படிப் பிறந்தான், அம்மா?"

"அதை ஏன் கேட்கிறீர்கள்! தலை வர வேண்டிய இடத்தில் கால் வந்தது. 'ஐயோ, பிள்ளை தப்பாக வருகிறதே' என்று மருத்துவச்சி அலறினாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று, எனக்கல்ல."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பாக வந்தவனை என்ன செய்தீர்கள்?"

"என்ன செய்வேன்? வாரி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன்."

லாமா ஈரம் காயாத தூபியைப் பார்த்தார்.

"புத்தருக்கு மட்டும் அந்த நெஞ்சு இருக்காதா, அம்மா?"