சந்தியாகுவின் இருநூறு ஹாப்ஸ் கொடிகள்

இதை நான் நேரில் கேட்கவில்லை. கேத்தியில் கேரட் கழுவும் கொட்டகையில் மூட்டை ஏற்றும் ரசாக் சொன்னது. அவர் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், நான் கூட்டவில்லை.

எங்கள் ஆய்வுப் பண்ணைத் தோட்டக்காரர் சந்தியாகு அன்று அந்தக் கொட்டகைக்கு நிலம் கேட்டு வந்திருந்தார். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் கொடியின் பூ. அதில் நல்ல ரகம் எடுக்க அவர் கையால் வளர்த்த ஏறக்குறைய இருநூறு நாற்றுகள், பைக்குள் வேர் சுருண்டு கிடந்தன. சனிக்கிழமைக்குள் அரை ஏக்கர் கிடைக்காவிட்டால் எல்லாம் குப்பைக் குழிக்கு என்று மேலாளர் சொல்லிவிட்டார். கொட்டகைக்காரர் போஜனிடம் நிலம் இருந்தது. சந்தியாகுவிடம் வாய் இருந்தது.

"அண்ணே, இலையில குண்டூசித் தலை அளவு கிள்ளி மெஷின்ல போட்டா, உள்ளே இருக்கிற மரபணுக் குறி தெரிஞ்சிடும். ஆட்டுக் காதுல அடையாளம் வெட்டுறோமே, அது மாதிரி. எது நோய் தாங்கும், எது மணக்கும், எல்லாம் முன்னாடியே சொல்லிடும்."

"ஜாதகமும் பார்க்குமா?" என்றார் போஜன், கேரட்டைப் புரட்டிக்கொண்டே.

"கேளுங்க. போன மாசம் சாம்பல் நோய் எங்க பண்ணைக்கு வந்துச்சு. குறி பார்த்து எடுத்த கொடியை ஒரு தடவை பார்த்துச்சு. 'தெரியாம வந்துட்டேங்க'ன்னு சொல்லிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிடுச்சு."

ரசாக் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"மணம்? ஒரு பூ விரிஞ்சதுக்கே மேட்டுப்பாளையத்து வண்டெல்லாம் மலை ரயில்ல ஏறி வந்துச்சு. பாதி வண்டு நின்னுக்கிட்டேதான் வந்துச்சு, அவ்வளவு கூட்டம்."

"வளருமாய்யா?" என்றார் ரசாக்.

"காலையில கொடியில சட்டையை மாட்டிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா சட்டை மேகத்துல இருக்கு! கொடியைப் பிடிச்சே ஏறிப் போய் எடுத்தேன். நனைஞ்சிருந்துச்சு."

"எப்படி இறங்கினே?"

"எங்கே இறங்கினேன்? அதுக்குள்ள நுனி வளைஞ்சு என்னை லவ்டேல் ஸ்டேஷன்ல விட்டுடுச்சு."

கொட்டகையே சிரித்தது. போஜன் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "சரி. இருநூறு நட்டா இருநூறும் பூக்குமா?"

இதற்கு மட்டும் புளுக சந்தியாகுவுக்கு மனம் வரவில்லை. "ஆண் கொடிப் பூவுல பீருக்கு வேண்டிய சரக்கு இல்லண்ணே. நானூறு முளைச்சுது. குறியை வெச்சு ஆண் எதுன்னு முளையிலேயே கண்டுபிடிச்சு, பிடுங்கிப் போட்டுட்டோம். மிச்சம் இருநூறும் பெண்."

போஜன் கேரட்டைத் தண்ணீரில் எறிந்தார். "மேகத்துல சட்டை காயப்போட்டே, பொறுத்துக்கிட்டேன். பப்பாளியே பூத்தாத்தான் ஆணா பெண்ணான்னு தெரியும். முளையில தெரியுமாம்! எந்திரிச்சுப் போ தம்பி."

சந்தியாகு எழுந்துவிட்டார். மூலையில் கேரட் தரம் பிரித்துக்கொண்டிருந்த போஜனின் மனைவி மாதி, தலை நிமிராமலே கூப்பிட்டார்:

"தம்பி, நில்லு. உதவாத ஆம்பளையை முளையிலேயே கண்டுபிடிக்கிற மெஷின்னா, அது எனக்கு இருபது வருஷம் முன்னாடியே வேணும். ஓடை ஓரத்து அரை ஏக்கர் என் பேர்லதான் இருக்கு. நாளைக்கே கொண்டாந்து நடு."

பிறகு நான் பண்ணைப் பதிவேட்டைப் பார்த்தேன். முளையிலேயே கண்டுபிடித்ததும் பிடுங்கியதும் உண்மை. ஆனால் பெண் கொடிகள் நூற்றுத் தொண்ணூற்றேழுதான். மூன்றை அவர் கூட்டிச் சொல்லியிருக்கிறார்.