இருபத்து நான்கு பந்துகள்

சிக்கந்தர் மாஸ்டரிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வேலைதான் கிடைக்கும். பதில் அந்த வேலைக்குள் எங்கேயாவது இருக்கும் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். வேலைக்குப் பயந்தே பல பேர் கேள்வி கேட்பதை விட்டிருக்கிறார்கள்.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானத்தில் இருபத்தெட்டு வருடமாக அவர் வேகப்பந்து கற்றுக்கொடுக்கிறார். மாணவர்களில் ஸ்டெபிக்குப் பதினெட்டு வயது. அந்தப் பக்கத்தில் அவளைவிட வேகமாகப் பந்து வீசும் பெண் கிடையாது. பையன்களிலேயே பாதிப் பேர் அவளை எதிர்த்து மட்டை பிடிக்கப் பயந்து, கால் வலி என்று ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள்.

வியாழக்கிழமை காலை அவள் கையில் இரண்டு கவர்களோடு வந்தாள்.

ஒன்று, பெண்கள் லீக்கில் விளையாடும் ஒரு அணியின் மூன்று வருட ஒப்பந்தம். மற்றொன்று, கோயம்புத்தூர் கல்லூரி ஒன்றில் விளையாட்டுக்கான இடம். படிப்பும் விடுதியும் இலவசம், கல்லூரி அணியில் ஆடவேண்டும். லீக்குக்குப் போனால் வருடத்தில் எட்டு மாதம் முகாம். கல்லூரியில் வருகைப்பதிவு கட்டாயம். ஆக, ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிடவேண்டும். இரண்டுக்கும் அன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

“லீக்கா காலேஜா மாஸ்டர்? நீங்க சொல்றதைச் செய்றேன்.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“அப்பா லீக்குங்கிறாரு. அம்மா காலேஜுங்கிறாங்க. ரெண்டு நாளா அவங்களுக்குள்ள பேச்சே இல்லை. சாப்பாடு வேணுமான்னுகூட என்னை விட்டுத்தான் கேக்கச் சொல்றாங்க.”

“நீ?”

“அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”

மாஸ்டர் கொட்டகைக்குள் போனார். ஒரு வாளியில் சுண்ணாம்புக் கரைசலும் ஒரு பையில் சலித்த மணலும் கொண்டுவந்தார். பந்து வீசும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, பழைய துணியால் தொட்டுத் தொட்டு ஒரு கோடு போட்டார்.

ஸ்டெபிக்கு ஆச்சரியமாக இருந்தது. போட்டி நடக்கும் நாளில்தான் அங்கே கோடு விழும். வலைப்பயிற்சியில் யாரும் கோட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வேகம் வருகிறதா, விழவேண்டிய இடத்தில் விழுகிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். அவள் அங்கே வந்த மூன்று வருடத்தில், பயிற்சிக்கு மாஸ்டர் கோடு போட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை.

கோட்டுக்கு முன்னால் மணலை மெல்லிசாகத் தூவினார் அவர். பிறகு எழுந்து ஓரமாக நின்றார்.

“ஆறு பந்து போடு.”

“பதில், மாஸ்டர்?”

“போடு.”

அவள் கவர்களைப் பையில் வைத்துவிட்டு, ஓட்டம் தொடங்கும் தன் அடையாளத்திலிருந்து ஓடிவந்தாள். முதல் பந்து எதிரே நட்டிருந்த ஒற்றை ஸ்டம்பை உரசிக்கொண்டு போய் வலையில் அறைந்தது. நல்ல பந்து. மாஸ்டர் பந்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, மணலில் பதிந்த அவளுடைய குதிகால் தடத்துக்கு நேராக, ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கல்லை வைத்தார்.

இரண்டாவது பந்துக்கு இன்னொரு கல். ஆறு பந்து முடிந்தபோது ஆறு கற்கள் இருந்தன.

“வந்து பாரு.”

அவள் வந்து பார்த்தாள். வீசும்போது முன்னங்கால் குதிகாலில் கொஞ்சமாவது கோட்டுக்குப் பின்னால் இருக்கவேண்டும். முழுக் காலும் தாண்டிவிட்டால் அது நோ-பால், செல்லாத பந்து. ஆறு கற்களும் கோட்டுக்கு முன்னால் கிடந்தன. மிகக் கிட்டத்தில் இருந்த கல்லே நாலு விரல்கடை தள்ளி இருந்தது. மற்றவை அரைச் சாண்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஆறுமா?”

“ஆறும்.”

“இன்னைக்கு ஏதோ சரியில்லை மாஸ்டர். தூக்கமில்லை. அதனால இருக்கும்.”

“சரி, அடையாளத்தைத் தள்ளி வச்சு ஓடி வா.”

ஒரு அடி பின்னால் போய்ப் புது அடையாளம் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கால் கடைசி எட்டில் தானாகவே நீண்டு போய் பழைய இடத்தில்தான் விழுந்தது. மறுபடியும் தள்ளி வைத்தாள். மறுபடியும் அதே இடம்.

மூன்றாவது தடவை, காலைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோட்டைப் பார்த்துக்கொண்டே வீசினாள். குதிகால் கோட்டுக்குப் பின்னால் விழுந்தது. பந்து மெதுவாகப் போய் வலையில் தொங்கியது. வலையில் படும் சத்தத்திலேயே தன் வேகம் அவளுக்குத் தெரியும். இந்தப் பந்துக்குச் சத்தமே இல்லை.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். காலை வெயிலிலேயே வியர்த்துக் கொட்டியது.

“ட்ரையல்ல இப்படி இல்லை மாஸ்டர். ட்ரையல்ல நல்லாத்தான் விழுந்துச்சு.”

பதினோரு நாளுக்கு முன்னால் லீக் அணியிலிருந்து மூன்று பேர் அந்த மைதானத்துக்கே வந்திருந்தார்கள். போட்டி நாள் போல அன்றும் கோடு போட்டிருந்தது. இரண்டு பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு அம்மா வேகம் அளக்கும் கருவியோடு எதிர்ப்பக்கம், ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்றார். ஸ்டெபி இருபத்து நான்கு பந்து போட்டாள். நூற்றுப் பதினேழு கிலோமீட்டர் என்று அந்த அம்மா சத்தம் போட்டுச் சொன்னபோது, வேலியோரம் நின்ற டீக்கடைக்காரர்கூடக் கைதட்டினார்.

“நல்லா விழுந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மாஸ்டர்.

“நோ-பால்னா அம்பயர் கையை நீட்டியிருப்பாரே!”

“அம்பயர் இடத்துல யார் நின்னது?”

அவள் வாயைத் திறந்தாள். சொல்லவேண்டிய பெயர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. மடிக்கணினிக்காரர்கள், யாராவது அம்பயர் இடத்தில் நில்லுங்கள் என்று கேட்டதும், தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய் நின்றவரை அவள் இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க.”

“இருபத்து நாலுல பத்தொன்பது நோ-பால்.”

“எண்ணினீங்களா?”

“எண்ணினேன்.”

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அடிபட்ட இடம் மரத்துப் போயிருக்குமே, அப்படித்தான் இருந்தது.

“எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?”

“நீ வந்த முதல் வருஷம் ஒரு விரல்கடை தாண்டுச்சு. அப்புறமா சரிபண்ணலாம்னு விட்டேன். அடுத்த வருஷம் கால் இன்னும் நீண்டுச்சு, வேகமும் கூடுச்சு. வேகத்தைக் கெடுத்துடக் கூடாதுன்னு விட்டேன்.”

“மேட்ச்ல நோ-பால் குடுத்தாங்களே, அப்ப?”

“ஒண்ணு ரெண்டு குடுத்தாங்க. இங்க மேட்ச்ல அம்பயரா நிக்கிறவன் பாதி நேரம் போனைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். அதுவும் எனக்கு வசதியாப் போச்சு.”

“ட்ரையல்லயாவது சொல்லியிருக்கலாமே.”

மாஸ்டர் துணியை வாளியில் போட்டார். கையெல்லாம் சுண்ணாம்பு.

“இருபத்தெட்டு வருஷம். நம்ம கிரவுண்டைத் தேடி யாரும் வந்ததில்லை. அன்னைக்கு வந்தாங்க. முதல் பந்துலயே பார்த்துட்டேன். கை எழும்பலை.”

“எனக்காகவா?”

“எனக்காக.”

அந்த ஒரு வார்த்தைதான் அவளை உடைத்தது. இவ்வளவு நேரம் வராத கோபம் மொத்தமாக வந்தது. கையிலிருந்த பந்தை ஓங்கி வலையில் எறிந்தாள்.

“ஊரெல்லாம் சொல்லியாச்சு. அப்பா ஆபீஸ்ல எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்துட்டாரு. இப்ப வந்து சொல்றீங்களே! ஆறு வாரத்துல டிவியில நின்னு நான் வரிசையா நோ-பால் போட்டிருப்பேன். சிரிச்சிருப்பாங்க மாஸ்டர். ஊரே பார்த்துச் சிரிச்சிருக்கும்.”

“ஆமா.”

“ஆமாவா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“தப்பு என்னோடது. வேற என்ன சொல்ல?”

திட்டுவதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பையைப் பிடுங்கி எடுத்தாள். இரண்டு கவர்களையும் வெளியே எடுத்து, லீக்கின் கவரைத் திரும்ப உள்ளே திணித்தாள்.

“சரி. முடிவு தெரிஞ்சுபோச்சு. காலேஜ்லயே சேர்ந்துக்கிறேன். அங்க யாரும் இவ்வளவு உத்துப் பார்க்க மாட்டாங்க.”

“அங்கேயும் இதே கோடுதான்.”

நடக்க ஆரம்பித்தவள் நின்றாள்.

“ஸ்டெபி, இன்னும் ஒண்ணு இருக்கு. காலையில லீக்காரங்களுக்குப் போன் பண்ணிட்டேன்.”

அவள் திரும்பி வந்தாள். “என்னைப் பத்திச் சொல்லிட்டீங்களா?”

“உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. ட்ரையல்ல அம்பயர் ஒழுங்கா வேலை செய்யலைன்னு சொன்னேன். அந்த அம்பயர் நான்தான்னும் சொன்னேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“மறைச்சப்பவும் உன்னைக் கேக்கலையே.”

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூரத்தில் பையன்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளில் வர ஆரம்பித்திருந்தார்கள். இந்தப் பக்கம் வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் கொட்டகைப் பக்கமே நின்றுகொண்டார்கள்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“வேகம் அளந்த அந்த அம்மாதான் பேசுச்சு. இனிமே இந்த கிரவுண்டுப் பக்கம் வர மாட்டோம்னுச்சு. உன்னை மட்டும் சனிக்கிழமை மதுரைக்கு வரச் சொல்லுச்சு. அவங்க அம்பயர் நிப்பாரு. அதே இருபத்து நாலு பந்து. தேறினா அதே ஒப்பந்தம்.”

“சனிக்கிழமை.”

“ஆமா.”

“காலேஜுக்கு இன்னைக்கு சாயங்காலத்தோட முடியுது.”

“தெரியும்.”

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்றைக்குக் கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை கிடையாது. சனிக்கிழமைக்குக் காத்திருந்தால் கல்லூரி கிடையாது. காத்திருந்து, மதுரையிலும் கால் தாண்டிவிட்டால் எதுவுமே கிடையாது. காலையில் வரும்போது அவளுக்கு இரண்டு கதவுகள் திறந்திருந்தன. எது நல்லது என்று மட்டும்தான் அப்போது தெரியவில்லை. இப்போது எது இருக்கும் என்றே தெரியவில்லை.

“ரெண்டு நாள்ல சரியாகுமா மாஸ்டர்?”

“தெரியாது. சில பேருக்கு ஒரு வாரத்துல வந்திருக்கு. ஒருத்தனுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. அவன் அதுக்குள்ள விட்டுட்டான்.”

“வேகம்?”

“அதுவும் தெரியாது.”

எல்லாவற்றுக்கும் தெரியாது என்று சொல்லும் மாஸ்டரை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அவருக்குத் திடீரென்று வயதாகிவிட்டது போல இருந்தது. பாவமாகவும் இருந்தது, மன்னிக்கவும் முடியவில்லை.

பிறகு மணலைப் பார்த்துக்கொண்டே, சண்டை போடும் குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படும் குரலில் கேட்டாள்.

“லீக்கோ காலேஜோ, அதை விடுங்க. மூணு வருஷமா உங்களை நம்பித்தான் ஓடி வந்தேன். கால் எங்க விழுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எதிர்ல இருக்கிற ஸ்டம்பைத்தானே பார்க்கிறேன். இனிமே நான் யாரை நம்பி ஓடி வர்றது?”

மாஸ்டர் அவளுக்கு எதிரே வந்து, கஷ்டப்பட்டு முழங்காலை மடக்கி, தரையில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு ட்ரையல்ல உன் பக்கத்துலயே நின்னேன்ல, ஒண்ணு பார்த்தேன். உன்கிட்ட கேக்கலாமா?”

“கேளுங்க.”

“ஒவ்வொரு பந்தும் போட்டுட்டு நீ திரும்பி வந்தே. வர்ற வழியில நின்னு, உன் கால் விழுந்த தடத்தை ஷூவால தேய்ச்சு அழிச்சுட்டுப் போனே. இருபத்து நாலு பந்துல அஞ்சு தடத்தை மட்டும் அப்படியே விட்டுட்டே.”

ஸ்டெபி நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த அஞ்சும் நல்ல பந்து. எதை அழிக்கணும், எதை விடணும்னு உனக்கு யார் சொன்னது?”

கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பையன், வலையை விரிக்கலாமா மாஸ்டர் என்று கத்திக் கேட்டான். மாஸ்டர் திரும்பவில்லை. ஸ்டெபி தன் ஷூவையும், கோட்டைத் தாண்டிக் கிடந்த தன் தடத்தையும் பார்த்தாள்.