துரை எழுதிக்கொண்ட பேர்

புதிதாக வந்த வன அதிகாரி வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தைப் பாறைமேல் விரித்தார். "இதுல ஒரு குடிசைகூட இல்ல. அப்போ இங்க ஆளே கிடையாது. எல்லாரும் காலி பண்ணுங்க!"

மலைத்தேன் எடுக்கும் கேத்தி எட்டிப் பார்த்தாள். "மலைக்கு என்ன பேரு போட்டிருக்குங்க?"

"நோடிபா மலை. ஏன் சிரிக்கிற? அப்படின்னா என்ன?"

"எங்க பாஷையில 'பாத்து வா'ன்னு அர்த்தம் சார். படம் போட வந்த தொரை இந்தப் பாறையில வழுக்கினப்போ அவருகிட்ட சொன்னது. அதையே மலையோட பேருன்னு எழுதிக்கிட்டாரு. எங்க புள்ளைங்க இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை."

அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேத்தி விடவில்லை.

"ஆளே இல்லாத மலையில அவருக்கு அதை யாரு சார் சொன்னாங்க?"

அதிகாரி படத்தைச் சுருட்டிக்கொண்டு வேகமாக இறங்கினார். கால் வழுக்கியது.

"நோடிபா!" என்று மொத்த ஊரும் கத்தியது.

துரையைப் போல அவர் பேனாவைத் தேடவில்லை, பாறையைப் பிடித்துக்கொண்டார்.