கை காட்டிக்கொண்டு போனவர்

வெள்ளிங்கிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பூவாத்தாள் வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். பொழுது அப்போதுதான் கிளம்பியிருந்தது.

பங்குனி மாதம். தைப்பூசக் கூட்டம் ஓய்ந்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவதற்கு முன்னால், மலைப்பாதை ஆளில்லாமல் கிடக்கும் காலம். வருஷம் பூராவும் பூவாத்தாள் காத்திருப்பது இதற்குத்தான். டென்ட்டைச் சுருட்டிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினால் சித்திரை பிறந்துதான் வீடு திரும்புவாள். எப்போதும் தனியாகத்தான். கூட வரட்டுமா என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். எல்லோருக்கும் ஒரே பதில், "வேண்டாமுங்க."

அவளுக்கு நாற்பது வயசைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். வெள்ளிங்கிரிக்கு அறுபது முடிந்துவிட்டது. குருவானவள் சிஷ்யரை அண்ணா என்பாள், சிஷ்யர் குருவை அம்மா என்பார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மில்லில் சூப்பர்வைசராக இருந்த மனுஷன், சைக்கிளில் மலை ஏறும் கிறுக்கை அவளைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டார். சும்மா இருந்த பெண்டாட்டி சுலோச்சனாவையும் இழுத்துவிட்டார். அப்புறம் பங்குனி பிறந்தால் போதும், இரண்டு சைக்கிளும் ஒரு டென்ட்டுமாக இருவரும் கிளம்பிவிடுவார்கள்.

போன ஐப்பசியில் சுலோச்சனா காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்ணா" என்றாள் பூவாத்தாள்.

அவர் உட்காரவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"இதை நீங்களே வெச்சுக்குங்கம்மா. எனக்கு வேண்டாம்."

"ஏனுங்ணா, ஓட மாட்டேங்குதா?"

"அது நல்லாத்தான் ஓடுது. என்னாலதான் முடியலை."

அவள் உடைத்த புளியை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

"ரெண்டு மூணு வாட்டி கிளம்பிப் பாத்துட்டேன். பாதி மலையில திரும்பிடறேன். மக மெட்ராஸ்ல இருக்கா. மூணாவது மாடி. வந்துருங்கப்பாங்கறா. பால்கனியில எனக்குன்னு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்காளாம். இன்னிக்கும் டென்ட்டையெல்லாம் கட்டிட்டேன், மிதிக்கத்தான் முடியலை. பேசாம மக வீட்டுக்கே போய் உக்காந்துக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"நல்ல நாற்காலிங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்கம்மா."

"சும்மா கேட்டனுங்ணா. போகப் பிரியமா?"

"போனா, அதோட நான் செத்த மாதிரிதான்" என்றார் வெள்ளிங்கிரி. வாய் தவறி உண்மை வந்துவிட்டது. மகளைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டோமே என்று சங்கடப்பட்டார். "அவ நல்ல புள்ளை. அவ மேல குத்தமில்லை."

"அப்ப எதுக்குங்ணா பாதி மலையில திரும்பறீங்க?"

அவர் இடது கையை நீட்டிக் காட்டினார். கைதான் காரணம் என்பதுபோல.

"சுலோ எப்பவும் எனக்குப் பின்னாலதான் வருவா. பின்னால வர்றவங்களுக்கு ரோடு எங்க தெரியுது? முன்னால போறவன் முதுகுதான் தெரியும். அதனால பள்ளம் வந்தா முன்னால போறவன் கையை இப்படி இறக்கி, விரலை நீட்டிக் காட்டோணும். வருஷக்கணக்கா வந்த பழக்கம். இப்பவும் பள்ளத்தைக் கண்டா கை தானா நீளுது. நீட்டின பொறவுதான் நெனப்பு வருது, யாருக்குடா காட்டறேன்னு. அதுக்கு மேல என்னால மிதிக்க முடியறதில்லைம்மா."

"திரும்பிப் பாப்பீங்களா?"

"ஐயோ, மாட்டேன். பாத்தா வெறும் ரோடுதான கெடக்கும்."

பூவாத்தாள் இன்னொரு புளியை எடுத்து உடைத்தாள்.

"இந்தக் கையை எப்படி நிறுத்தறதுன்னு சொல்லுங்க. இல்லாட்டி இன்னிக்கு ஒரு நாள் நீங்க எனக்கு முன்னால போங்க. பின்னால வர்றவன் கை காட்ட வேண்டியதில்லையே."

"வேண்டாமுங்க."

"தெரியும். கேட்டுப் பாத்தேன்."

"மேல பாறைக்குளத்துக் கோயில் மைதானம் தெரியுமில்ல? அங்க போய் டென்ட் போடுங்க. பூசாரிகிட்ட என் பேரைச் சொன்னாப் போதும். அங்க போன பொறவு சைக்கிளைக் குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க."

"கையை என்ன பண்றது?"

"அது எனக்குத் தெரியாதுங்ணா."

குருவே தெரியாது என்று கையை விரித்துவிட்டால் சிஷ்யன் எங்கே போவான்? வெள்ளிங்கிரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவளிடம் காட்ட முடியாது. சைக்கிளைத் திருப்பி விறுக்கென்று ஏறி மிதித்தார்.

வாய்க்கால் பாலத்துக்கிட்டே போன மழையில் பறித்துக்கொண்டு போன பள்ளம் ஒன்று உண்டு. அங்கே அவருடைய இடது கை இறங்கியது. விரல் நீண்டது. அப்படியே கொஞ்ச தூரம் போய், பிறகுதான் மடங்கியது.

பூவாத்தாள் வாசலிலிருந்து அதைப் பார்த்தாள். முறத்தை உள்ளே வைத்துவிட்டு, டென்ட் ஏற்கெனவே கட்டியிருந்த தன் சைக்கிளை எடுத்தாள். தன் ஆயுசில் அவள் இன்னொருத்தர் பின்னால் சைக்கிள் விட்டது அதுதான் முதல் தடவை.

மலை ஏற ஏற வெயில் ஏறியது. வழியில் லாரி இல்லை, வேன் இல்லை. எங்கேயோ ஒரு குயில் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. வெள்ளிங்கிரி முன்னால் போனார். நூறடி தள்ளிப் பூவாத்தாள் போனாள். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

முன்பெல்லாம் அவர் திரும்பிப் போன வளைவு ஒன்று இருந்தது. அங்கே அவர் நின்றார். ஒரு காலை ஊன்றினார். ஹேண்டில்பாரைக் கீழ்ப்பக்கமாக ஒடித்தார். பூவாத்தாளும் சட்டென்று ஒரு மரத்தோரம் ஒதுங்கி நின்றாள். போய்விடாதீங்க அண்ணா என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை.

வெகுநேரம் அப்படியே நின்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, ஹேண்டில்பாரை நேராக்கிக்கொண்டு மேலே மிதித்தார். குரு மேல் வந்த கோபமோ, அந்த நாற்காலி மேல் இருந்த பயமோ, சாமிக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் கோயில் மைதானத்தில் டென்ட் போட்டு, ஸ்டவ்வைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்திருந்தார். அதுவரை கீழேயே ஒதுங்கியிருந்த பூவாத்தாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

அவர் பதறி எழுந்தார். "அம்மா! எப்பக் கிளம்பினீங்க?"

"உங்க கூடவேதாங்ணா. பின்னால."

"காலையில இருந்தா?"

"காலையில இருந்துதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிம்மதியா ஓட்டியிருப்பேனே!"

"அதுக்குத்தான் சொல்லலை."

அவர் டீயை டம்ளரில் ஊற்றி அவளிடம் கொடுத்தார். தனக்குப் பாத்திரத்தோடு வைத்துக்கொண்டார்.

"கையைப் பாத்தீங்களா?" என்று அவரே கேட்டார்.

"பாத்தனுங்ணா. ஒரு பள்ளம் விடலை."

"வெக்கமா இருக்கும்மா. பைத்தியக்காரன் மாதிரி."

"ஒண்ணு கேக்கட்டுங்களா? கையை நீட்டிட்டுத் தலையை ஒரு பக்கமாச் சாய்க்கறீங்க. என்னத்தைக் கேக்கறீங்க?"

வெள்ளிங்கிரி டீப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெல்" என்றார். "பாத்துட்டேங்கறதுக்கு அவ ஒருக்கா பெல் அடிப்பா. அது கேட்ட பொறவுதான் கையை எடுப்பேன். கேக்கலைன்னா திட்டுவேன், ஏண்டி தூங்கிட்டியான்னு."

"இப்ப?"

"இப்பக் கையை எப்ப எடுக்கறதுன்னே தெரியலைம்மா."

பூவாத்தாள் டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வர்ற வழியில முருக்கமரம் பூத்திருந்துதே, பாத்தீங்களா?"

"இல்லையே."

"ஒரு எலை இல்லை. மரம் பூராவும் செகப்பு. மைனா, கரிச்சான், என்னென்னமோ குருவியெல்லாம் தேன் குடிக்க வந்து ஒரே சண்டை."

"நான் ரோட்டைத்தான் பாப்பேன். மரத்தைப் பாத்தா பள்ளத்துல விட்டுருவேன்."

"நானும் அப்படித்தாங்ணா. இத்தனை வருஷமா இந்த வழியில ஏறறேன். அந்த மரம் அங்க இருக்கறதே எனக்குத் தெரியாது. தனியா ஓட்டறவ ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியுங்களா? இன்னிக்குத்தான் நிமிந்து பாத்தேன். பள்ளம் வந்தா முன்னால போறவர் சொல்லிருவாருன்னு."

வெள்ளிங்கிரி நிமிர்ந்தார்.

சுலோச்சனா ஒவ்வொரு சாயங்காலமும் சொல்வாள். இவர் ஸ்டவ்வுக்குப் பம்பு அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு, எந்த மரம் பூத்திருக்கிறது, எந்தப் பாறை மேல் மயில் நின்றது, எந்த வீட்டு முற்றத்தில் மிளகாய் காய்ந்தது என்று ஓயாமல் சொல்வாள். சைக்கிள் ஓட்ட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா என்று இவர் அதட்டுவார். அவள் சிரிப்பாள். இவளுக்கு மட்டும் இதெல்லாம் எப்படிக் கண்ணில் படுகிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அப்ப அவ எல்லாத்தையும் பாத்தாளாம்மா?"

"பாத்திருப்பாங்க."

"நான் எதையுமே பாக்கலையே. அவளையும் பாக்கலை. அவ பின்னாலதான வந்தா."

மைதானத்து ஓரத்தில் பூசாரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

"எனக்குக் கை காட்ட ஆள் இருந்ததில்லைங்ணா" என்றாள் அவள். "வேண்டாம்னது நான்தான். அதுல எனக்கு ஒரு குறையும் தெரியலை, இன்னிக்கு வரைக்கும். இன்னிக்கு மலை ஏற ஏற அழுதுட்டேதான் வந்தேன். நீங்கதான் திரும்பியே பாக்கலையே."

குரு அழுவாள் என்று வெள்ளிங்கிரி நினைத்ததே இல்லை. அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீயை ஊற்றினார். பிறகு ஆசை ஆசையாகக் கேட்டார்.

"அப்ப நாளைக்கும் பின்னால வாங்களேம்மா. நான் கை காட்டறேன். உங்களுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"வேண்டாமுங்க."

"ஏனுங்கம்மா?"

"நாளைக்கு வந்தா நாளன்னிக்கும் வருவேன். நீங்க கை காட்டுவீங்க, நானும் பெல் அடிக்கப் பழகிக்குவேன். நான் சுலோச்சனாக்கா இல்லைங்ணா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

விடிந்ததும் பூவாத்தாள் தன் டென்ட்டைச் சுருட்டினாள். அவளுடைய சைக்கிள் இறங்கும் பக்கம் பார்த்து நின்றது. வெள்ளிங்கிரியும் பைகளைக் கட்டி முடித்துச் சைக்கிளை ஏறும் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பவில்லை. அந்தப் பக்கம் மலை இன்னும் மூன்று நாள் வழிக்கு இருந்தது. நடுவில் ஆளே கிடையாது.

"சைக்கிளை என்ன பண்ணட்டுங்ணா, எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் ஹேண்டில்பாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கை நீளுமேம்மா."

"நீளட்டுங்க."

"பெல் கேக்காது."

"கேக்காதுங்க."

"அழுகை வந்துருமே. அதுக்குப் பயந்துதான இத்தனை வாட்டியும் திரும்பினேன். ஒரு தடவைகூட அழுததில்லை, தெரியுங்களா? அவ போன அன்னிக்குக்கூட."

பூவாத்தாள் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அவர் கிட்டே வந்தாள்.

"வந்தா ஓரமா நிறுத்திக்குங்க. காலை ஊனி நின்னு, எவ்வளவு நேரமானாலும் அழுங்க. அழுது முடிச்ச பொறவு மிதிங்க. ஓட்டிக்கிட்டே மட்டும் அழாதீங்கண்ணா. நேத்து நான் அழுதப்ப எனக்கு முன்னால நீங்க இருந்தீங்க. உங்களுக்கு முன்னால யாரும் இல்லை."