வேலப்பன் காருக்கு எண்ணெய்க் குளியல்

பூவம்பட்டிக்காரர்கள் யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அவர்களைப் போல நல்லவர்கள் கிடைப்பது கஷ்டம். கிடைக்காமல் இருப்பதும் நல்லதுதான்.

அந்த ஊர் வேலப்பனின் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"உங்க அப்பா காலத்துக் கார் ஒண்ணு இருக்காமே? மாப்பிள்ளை ஊர்வலம் அதுலதான் வரணும். இல்லேன்னா பையனைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிடுவேன்."

கார் பல வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. மெக்கானிக் அந்தோணி இன்ஜினைப் பிரித்துப் புதிதாகப் பூட்டிக் கொடுத்தார்.

"எண்ணெய் இன்னும் ஊத்தலை. வயசான வண்டி, அதோட உடம்புக்கு எது ஒத்துக்கும்னு பார்த்து ஊத்துங்க. சூடு ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலப்பன், அவர் மச்சான் மாசிலாமணி, தம்பி சொக்கன் மூவரும் காரைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"விளக்கெண்ணெய்தான் சரி" என்றார் மாசிலாமணி.

"வேண்டாம் மச்சான்" என்றார் வேலப்பன். "பாதி வழியில வயித்தைக் கலக்கிட்டா? உள்ளே மாப்பிள்ளை இருப்பார்."

"தேங்காய் எண்ணெய்?" என்றான் சொக்கன்.

"இருமி இருமித்தான்டா இது அன்னைக்குப் படுத்துச்சு. சளி பிடிச்சுக்கும்" என்றார் வேலப்பன்.

நல்லெண்ணெய்தான் குளிர்ச்சி என்று முடிவானது. வேலப்பன் டின்னைத் திறந்தார்.

"நில்லுங்கண்ணே! இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பொம்பளைங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற நாள். இது ஆம்பளையா, பொம்பளையா?" என்று தடுத்தான் சொக்கன்.

யாருக்கும் தெரியவில்லை. மாசிலாமணி ஹாரனை அமுக்கி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"கட்டைக் குரல். ஆம்பளைதான். நாளைக்கு ஊத்துவோம்."

சனிக்கிழமை காலையில் இன்ஜினுக்குள் நல்லெண்ணெயை வழிய வழிய ஊற்றினார்கள். பானெட்டுக்குச் சீயக்காய் தேய்த்து வெந்நீர் விட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாதே! முன் விளக்குகளைப் போட்டுவிட்டு, மூவரும் மாறி மாறி ஹாரன் அடித்துக் காரை விழித்திருக்க வைத்தார்கள்.

சாயங்காலம் விளக்கு மங்கி அணைந்தது. ஹாரன் கடைசியாக ஒரு தடவை முனகிவிட்டு ஓய்ந்தது.

"ஐயோ, தூங்கிடுச்சே!" என்று தலையில் கை வைத்தார் வேலப்பன்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி, மாப்பிள்ளையோடு வந்து நின்றார். "என்ன, கிளம்பலாமா?"

வேலப்பனுக்குக் கண் கலங்கியது. மகள் கல்யாணம் கொட்டகையோடு முடிந்துவிடும் போலிருந்தது. மாசிலாமணி அவர் காதில் சொன்னார்: "வண்டி போகாட்டி என்ன மச்சான்? தெரு போகட்டும்."

மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். சொக்கன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். உறவுக்காரர்கள் வாழை மரங்களையும் விளக்குகளையும் தூக்கிக்கொண்டு ஜன்னலோரமாகப் பின்பக்கம் ஓடினார்கள். சுற்றி வந்து மறுபடியும் ஓடினார்கள். மேளக்காரர்கள் பின்னோக்கி நடந்தார்கள். டீக்கடைக்காரர் தன் பெஞ்சோடு இரண்டு தடவை கடந்து போனார். மாப்பிள்ளை எல்லோருக்கும் கும்பிடு போட்டார். கடைசியில் வாழை மரங்களைக் கொட்டகை வாசலிலேயே நட்டு விளக்குகளைத் தொங்கவிட்டார்கள்.

"மண்டபம் வந்தாச்சு!" என்று சொக்கன் கதவைத் திறந்தான். ஆரத்தி எடுத்தார்கள்.

சம்பந்தி இறங்கி வேலப்பனைக் கட்டிக்கொண்டார். "ஒரு குலுக்கல் இல்லை, இன்ஜின் சத்தம் இல்லை! என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

"நல்லெண்ணெய்தான்" என்றார் வேலப்பன் அடக்கமாக.

மாப்பிள்ளை மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி இறங்கினார்.

"எல்லாம் சரி மாமா, அந்த வளைவுலயாவது கொஞ்சம் மெதுவா ஓட்டியிருக்கலாம். தலை சுத்துது."