அஞ்சு நாள்காரரும் நாலு மாசக்காரரும்

"அம்மா, டெம்ப்ளேட்டா, புதுசாச் செய்யறதா? ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார் அர்த்தநாரி.

குரு கமலவேணி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

இது பதினோராவது வியாழக்கிழமை. கேள்வியும் அதேதான்.

அர்த்தநாரிக்குச் சேலத்தில் தொழில். ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வீடுகளுக்கு வாடகைக்கு விடுவார். இருபத்திரண்டு வருஷமாக ஜனங்கள் போன் அடித்துத்தான் கேட்டார்கள். இப்போது வெளியூர்க் கம்பெனி ஒன்று வெப்சைட்டோடு வந்து இறங்கிவிட்டது. அவருக்கு வரும் போன் பாதியாகக் குறைந்துவிட்டது.

"பொங்கலுக்குள்ள நமக்கும் ஒரு வெப்சைட் வரலைன்னா ஷட்டரை இறக்கிடலாம்" என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்ல.

செய்து தர இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர், தயாராக இருக்கிற டெம்ப்ளேட்டில் கடைப் பெயரையும் படங்களையும் போட்டு அஞ்சே நாளில் தருவதாகச் சொன்னார். இன்னொருவர், அதெல்லாம் ஊரான் சட்டை, உங்களுக்கென்றே அடியிலிருந்து கட்டித் தருகிறேன், நாலு மாசம் ஆகும் என்றார்.

அஞ்சு நாள்காரரிடம் பேசினால் நாலு மாசக்காரர் சொன்னது நியாயமாகப் பட்டது. நாலு மாசக்காரரிடம் பேசினால் அஞ்சு நாள்காரர் பக்கம் மனசு ஓடியது. இப்படியே பதினோரு வாரம். அஞ்சு நாள்காரர் இந்நேரம் பதினைந்து வெப்சைட் செய்து முடித்திருப்பார்.

குருவாவது வழி காட்டுவார் என்றுதான் கஞ்சமலை அடிவாரத்து ஆசிரமத்துக்கு வியாழன்தோறும் வந்துகொண்டிருந்தார். குரு அவரைவிடப் பத்து வயது சின்னவர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் இனிக்க இனிக்கப் பேசுகிற ரகம் இல்லை.

முதல் வாரம் கேட்டபோது குரு துடைப்பத்தைக் காட்டினார்.

அர்த்தநாரி முற்றம் முழுக்கக் கூட்டினார். பழசைத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டு என்கிறார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு நாலு மாசக்காரருக்குப் போன் செய்தார்.

மறுவாரம் குரு ஒரு மாங்காய் கொடுத்தார்.

தானாகக் காய்த்தது, யாரும் உட்கார்ந்து செய்ததில்லை, ஆகவே டெம்ப்ளேட்தான் என்று அஞ்சு நாள்காரருக்குப் போன் போயிற்று. அன்றைக்கு வந்த அத்தனை பேருக்கும் மாங்காய் கிடைத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மரம் காய்த்துத் தள்ளியிருந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கு அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னங்கம்மா இது? தொடப்பம் காட்டறீங்க, மாங்கா குடுக்கறீங்க. போன வாரம் சும்மா சிரிச்சீங்க. நான் வீட்டுல போயி என்னன்னு சொல்லட்டும்?"

"முத்தம் குப்பையாக் கெடந்துச்சு. கூட்டச் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன?"

அர்த்தநாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, இன்னிக்கு ஆரம்பிச்சாத்தான் நாலு மாசக்காரரு பொங்கலுக்குள்ள முடிப்பாரு. இன்னிக்கு நீங்க சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

"ஒக்காருங்க. சோறு ஆயிடும்."

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

போனை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பத்து வாரம் ஒழுங்காகப் போட்டவர் இன்றைய கோபத்தில் மறந்துவிட்டார். அவசரமாக அணைக்கப் போனார்.

"எடுங்க" என்றார் குரு.

"ஆசிரமத்துச் சட்டமாச்சுங்களே?"

"சட்டம் போட்டது நாந்தானே? எடுத்துப் பேசுங்க."

எடுத்தார். அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பெண். அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன், நாளைக்கு வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள், கட்டில் வேண்டும்.

"எத்தனாவது மாடிங்கம்மா? ரெண்டாவதா? படி திரும்புதா, நேரா ஏறுதா? திரும்புற எடத்துல எத்தனை அடி இருக்கும்? டேப் இல்லீன்னா ஒரு கயிறு வெச்சுப் புடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, நான் இருக்கறேன். ரூம் வாசக்கால் அகலம்? அப்பாவுக்கு எந்தக் காலுல ஆபரேஷன்? வலது காலா? அப்ப எறங்கறது எடது பக்கம். அந்தப் பக்கம் சொவரு வராமப் பாத்துக்கோங்க."

பேசி வைத்தார். முகத்தில் இருந்த ஆத்திரம் இறங்கியிருந்தது.

குரு அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தார்.

"எதுக்கு அவ்வளவு கேள்வி?"

"தொழில் ஆரம்பிச்ச புதுசுல ஒரு தடவை கேக்காம அனுப்பிட்டேங்கம்மா. படித் திருப்பத்துல கட்டில் மாட்டிக்கிச்சு. ஒரு பெரியவரு ஒரு மணி நேரம் ஆம்புலன்ஸ்லயே கெடந்தாரு. அதுலருந்து கேக்காம எதையும் அனுப்பறதில்ல. எங்கிட்ட ரெண்டாக் கழட்டற கட்டிலும் இருக்குது, ஒரே நீளக் கட்டிலும் இருக்குது. வீட்டைப் பாத்துத்தானே அனுப்போணும்?"

"அந்த ரெண்டு பேரும் என்ன குடுத்திருக்காங்க? காட்டுங்க."

பதினோரு வாரத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். அர்த்தநாரி பரபரவென்று பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் மாதிரிக்கு அச்சடித்துக் கொடுத்த முகப்புப் பக்கங்கள்.

அஞ்சு நாள்காரர் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் பல் தெரியச் சிரித்தார். நாலு மாசக்காரர் பக்கத்தில் கட்டில் ஒன்று மேகத்துக்கு நடுவே மிதந்தது. வெப்சைட்டில் அது சுற்றவும் செய்யுமாம்.

குரு இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார்.

"இவருகிட்ட நீங்க என்ன கேட்டீங்க?"

"சீக்கிரம் வேணும்னேன்."

"அவருகிட்ட?"

"யாருகிட்டயும் இல்லாத மாதிரி வேணும்னேன்."

"வேற?"

"வேற என்னங்கம்மா கேக்கறது?"

குரு கண்ணை மூடிக்கொண்டார். தியானம் என்று அர்த்தநாரி நினைத்தார். எரிச்சலை அடக்கிக்கொண்டிருந்தார் என்பதே உண்மை.

மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை அனுமதி கேட்காமல் எடுத்தார்.

அம்மாபேட்டையிலிருந்து ஒருவர். குரல் உடைந்திருந்தது. வெப்சைட்டில் படத்தைப் பார்த்து அந்த வெளியூர்க் கம்பெனியில் கட்டிலுக்குச் சொன்னாராம். கட்டிலும் வந்துவிட்டதாம். படியில் திரும்பவில்லை. கொண்டுவந்தவர்கள் அதை வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவருடைய அம்மா கீழே ஆம்புலன்ஸில் படுத்திருக்கிறார்.

"பதட்டப்படாதீங்க. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றார் அர்த்தநாரி.

எழுதிக்கொள்ளக் காகிதம் இல்லை. மிதக்கும் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார். எந்த ஏரியா, எந்தத் தெரு. எத்தனாவது மாடி. படித் திருப்பம் எத்தனை அடி. வாசக்கால் அகலம். எந்தப் பக்கம் இறங்குவார். எத்தனை மணிக்குள் வேண்டும்.

"அம்மா இன்னும் ஆம்புலன்ஸ்லயேவா இருக்காங்க? ரெண்டாக் கழட்டறது அனுப்பறேன். நானே வந்து மாட்டித் தர்றேங்க."

போனை வைத்துவிட்டு, விலாசம் சரிதானா என்று தாளைப் பார்த்தார். பார்த்தவர் வரிகளை விரல் வைத்து எண்ணினார்.

ஆறு வரி. இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் வாயால் கேட்டுக்கொண்டிருந்ததை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறார்.

மெல்லத் தாளைத் திருப்பினார். கட்டில் மிதந்தது. அடுத்த தாளைப் பார்த்தார். டாக்டர் சிரித்தார். மறுபடி தன் கையெழுத்துக்கே வந்தார்.

"அம்மா..."

"என்ன?"

"இந்த ஆறு வரிய வெப்சைட்டுல கேக்கறதுக்கு... அஞ்சு நாளே ஜாஸ்தியாச்சேங்கம்மா!"

"ஏனுங்க, அந்த அம்மா அங்க தெருவுல ஆம்புலன்ஸ்ல படுத்துக் கெடக்கறாங்க" என்று குரு கத்தினார். "கெளம்புங்க மொதல்ல!"