மோருக்குப் போன ஐஸ்

வேதவல்லி அம்மாவுக்கு நாற்பது வயது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வேலையை உதறிவிட்டு மலையடிவாரத்தில் மடம் போட்டவர். சீடர் தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு. பக்தி உண்டு, ஓடி ஓடி உழைப்பார். கோபம் மட்டும் மூக்குக்கு மேலே நிற்கும்.

பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை வெறிநாய் கடித்துச் செத்துப்போயிற்று. அம்மா நாய்களுக்குப் போடும் வெறிநோய்த் தடுப்பூசி மருந்து வாங்கி, ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைத்து, ஊசி போடப் பழக்கியிருந்த சீடரைக் கீழூருக்கு அனுப்பினார். "மருந்து குளிர்ச்சியாவே இருக்கணும்" என்று நாலு தரம் சொன்னார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்பது வீட்டுக்காரர்கள் நாயும் குட்டியுமாய் வரிசையில் வாடி நின்றார்கள். தில்லைநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. செத்த நேரம் ஐஸ் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்? பெட்டி ஐஸை உடைத்து மோர்ப்பானையில் போட்டார், ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினார். "மகராசன்!" என்றார்கள் சனங்கள்.

அட மகராசனே! மருந்து வெறும் பெட்டியில் கிடந்து வெந்தது. அதையே மத்தியானம் வரை குத்தினார். "இனிமே பயமில்லை, பிள்ளைங்க தாராளமா கொஞ்சலாம்" என்று வாக்கும் கொடுத்தார்.

கூடவே கூட்டிப்போயிருந்த மடத்து நாய்க்குட்டிக்கும் அதே ஊசிதான். திரும்பும் வழியில் ஒரு தெருநாய் பாய்ந்து அதன் காதைக் கடித்துவிட்டு ஓடியது.

அம்மா மிச்சமிருந்த மருந்துப் புட்டியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

"ஐஸ் எங்கே?"

மோரில் போட்டதைத் தில்லைநாயகம் சொன்னார்.

"சூடேறின மருந்து செத்த மருந்து. இப்பவே போங்க. ஊசி பலிக்காது, மறுபடி போடணும், அதுவரை பிள்ளைங்க நாயைத் தொடக் கூடாதுன்னு வீடு வீடாச் சொல்லுங்க."

தில்லைநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் என்ன திருடினேனா? தாகத்துக்கு மோர் கொடுத்தது பாவமா? மகராசன்னு கும்பிட்ட வாயாலேயே காறித் துப்புவாங்க. என் மானம் என்ன ஆகுறது? நல்லது நினைச்சுத்தானே செஞ்சேன்? நல்ல மனசு பத்தாதா அம்மா?"

அம்மாவின் முகமும் சிவந்துதான் இருந்தது. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, குட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் விட்டார்.

குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவர் கையை நக்க வந்தது. அதன் காதில் ரத்தம் காயவில்லை. ஐஸ் உடைத்தபோது அவர் கட்டைவிரலில் பட்ட வெட்டும் ஆறவில்லை.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏன் ஐயா இழுக்குறீங்க? நீங்க போட்ட ஊசிதானே? கையைக் கொடுங்க."

தில்லைநாயகம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கீழூர்ப் பிள்ளைங்க இந்நேரம் கொடுத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார் அம்மா.